சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது?

1970-களிலும் 1980-களிலும் கட்டிய கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் அமெரிக்க, ஐரோப்பியத் துறைமுகங்களில் மிதக்கின்றன. கண்ணாடியிழை உளுத்துப்போவதில்லை, துருப்பிடிப்பதில்லை. படகின் உடல் நிற்கிறது. உள்ளே இருக்கும் இன்ஜினுக்குத்தான் வயதாகிறது. அமெரிக்கப் படகு என்றால் அது பெரும்பாலும் அட்டாமிக் 4. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் நகரின் யுனிவர்சல் மோட்டார் கம்பெனி 1947 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை சுமார் 40,000 எண்ணிக்கையில் செய்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இது. பிரிட்டிஷ் படகு என்றால் 1.76 லிட்டர் பெர்கின்ஸ் 4.108 டீசல் இருக்கலாம். சிறிய படகுகளில் ஜப்பானின் யான்மார் ஜிஎம் வரிசை டீசல்கள்.

இவை எல்லாம் கணினிக்கு முந்திய இயந்திரங்கள். கோளாறு வந்தால் எண் காட்டும் திரை இல்லை. ஓர் ஆயில் அழுத்த விளக்கு, ஒரு வெப்பமானி, பல படகுகளில் ஒரு சுழற்சிமானி, அவ்வளவுதான். மற்ற எல்லாச் செய்தியும் சத்தமாகவும் அதிர்வாகவும் புகையாகவும்தான் வெளியே வருகிறது. காற்று விழுந்த வேளையில், நீரோட்டம் பாறைச் சுவரை நோக்கி இழுக்கும் துறைமுக வாயிலில், இந்த இன்ஜினை நம்பித்தான் படகு நுழைகிறது. அப்போது இன்ஜின் இருக்கும் படிக்கட்டின் பின்னாலிருந்து நேற்றுவரை இல்லாத ஒரு சத்தம் கேட்டால், அது என்ன என்று தெரிந்துகொள்வது உயிர்ப் பிரச்சினை.

பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி, "அது எப்படிச் சத்தம் போடுகிறது?" என்பது. டொக் டொக் என்கிறார் ஒருவர், கடகட என்கிறார் இன்னொருவர், கிறீச் என்கிறார் மூன்றாமவர். ஆனால் தளர்ந்த பேரிங்கும் டொக்கென்று தட்டும். கெட்டுப்போன இன்ஜெக்டரும் டொக்கென்று தட்டும். முன்னதைச் சரிசெய்ய இன்ஜினையே படகிலிருந்து தூக்க வேண்டிவரும். பின்னதை ஒரு மதியத்தில் கழற்றி மாற்றிவிடலாம். சத்தத்தின் குணத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம்.

பயன் தரும் கேள்வி வேறு: அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது? வேகத்தோடா, சுமையோடா, வெப்பத்தோடா, கியரோடா, எரிபொருளோடா? இந்த ஐந்தையும் படகோட்டியால் தன் கையால் மாற்ற முடியும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டால், இன்ஜினைத் திறக்காமலேயே பிழை இருக்கும் இடத்தைப் பெரிதும் சுருக்கிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனைக்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை.

காது ஏமாறும் இடம்

இன்ஜின் பெட்டியின் மூடியைத் திறந்து தலையை நீட்டினால், சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதாகத் தோன்றும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல். இன்ஜினுக்குள் பிறந்த தட்டல் உலோகத்தின் வழியாகவும், இன்ஜினைத் தாங்கும் கட்டைகள் வழியாகவும் படகின் உடலுக்குள் இறங்கிவிடுகிறது. வீணைத் தந்தியின் மெல்லிய ஒலியைக் குடம் வாங்கிப் பெருக்கித் தருவதுபோல, அகலமான கண்ணாடியிழைப் பரப்பு அந்தத் தட்டலை வாங்கிப் பெருக்குகிறது. அதனால் சமையல் மேடைக்கு அடியில் கேட்கும் சத்தத்தின் பிறப்பிடம் இரண்டு மீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம்.

காற்றைத் தவிர்த்துவிட்டு உலோகத்திலிருந்து நேராகக் கேட்பதே இதற்கு வழி. 1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. குழாயைவிடப் பெரிய சாதனை அவருடைய முறை. உயிரோடு இருந்தபோது நோயாளியின் மார்பில் கேட்ட ஒலியைக் குறித்துவைத்து, இறந்த பின் உடலைத் திறந்து பார்த்ததோடு ஒப்பிட்டார். எந்த ஒலிக்குப் பின்னால் எந்தச் சிதைவு என்ற அறிவு அப்படித்தான் சேர்ந்தது. நல்ல மெக்கானிக்கின் காதும் அதே வழியில் பழகுகிறது: கேட்டது ஒன்று, திறந்து பார்த்தது ஒன்று, இரண்டும் சேர்ந்து நினைவில் நிற்கின்றன.

மெக்கானிக்கின் ஸ்டெதஸ்கோப் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர். முனையை உலோகத்தில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்பார்கள். மரக்கோலும் போதும். சட்டைக்கை, தலைமுடி எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது. இந்தக் கருவியால் ஒரே இடத்தைக் கேட்பதில் பயன் குறைவு. ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். நான்கு சிலிண்டர் டீசலில் ஒரே மாதிரியான நான்கு இன்ஜெக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்று ஒரே மாதிரி ஒலித்து நான்காவது வேறு மாதிரி ஒலித்தால், சரியான ஒலி எது என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த மூன்றுமே சொல்லிவிட்டன.

மூன்று தாளங்கள்

இன்ஜினில் பல பாகங்கள் சுழல்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. இங்கேதான் எளிய கணக்கு பெரிய உதவி செய்கிறது.

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலில் ஓடுகிறது என்று கொள்வோம். கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 15 முறை சுற்றுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகம்: நொடிக்கு 7.5. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. அதுவும் நொடிக்கு 7.5. நான்கையும் சேர்த்தால் நொடிக்கு 30 எரிதல்கள். நமக்குக் கேட்கும் அடிப்படை உறுமல் அதுதான்.

இனி புதிய தட்டலின் தாளத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வால்வின் இடைவெளி தளர்ந்திருந்தால் அது நொடிக்கு 7.5 முறை மெல்லிய 'டிக்' போடும். யான்மார் ஜிஎம் இன்ஜினில் அந்த இடைவெளி 0.2 மில்லிமீட்டர்தான்; அது சற்று விரிந்தாலே ஒலி கேட்கத் தொடங்கும். ஒரு சிலிண்டரின் எரிதல் தட்டலுக்கும் அதே 7.5-தான் தாளம். கிராங்கோடு சேர்ந்து சுழலும் ஏதாவது தளர்ந்திருந்தால், உதாரணமாக ஃப்ளைவீல் போல்ட் அல்லது முன்புறப் புல்லி, அது நொடிக்கு 15 முறை ஒலிக்கும்.

நொடிக்கு ஏழெட்டுத் தட்டல்களை வாயால் எண்ண முடியாது. கைப்பேசியில் பத்து நொடி பதிவுசெய்து, ஒலி அலையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். தட்டல்களுக்கு இடையே 0.133 நொடி என்றால் கேம் ஷாஃப்ட்டின் தாளம், 0.067 நொடி என்றால் கிராங்க்கின் தாளம். கைப்பேசியின் மைக் தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாகப் பிடிக்காது என்றாலும் இங்கே அது தடையில்லை. தட்டல் ஒவ்வொன்றும் உயர்ந்த அதிர்வெண் கொண்டது. மெதுவானது அது திரும்ப வரும் இடைவெளி மட்டுமே. ஆலைகளில் பேரிங்குகளைக் கண்காணிக்கும் விலை உயர்ந்த கருவிகளில் ஒரு வகையும் இந்தத் திரும்பும் இடைவெளியைத்தான் தேடுகிறது.

மூன்றாவது தாளம் புரொப்பல்லர் ஷாஃப்ட்டினுடையது. கியர்பாக்ஸ் வேகத்தை 2-க்கு 1 என்று குறைத்தால் ஷாஃப்ட்டும் நொடிக்கு 7.5 முறை சுற்றும். இது கேம் ஷாஃப்ட்டின் அதே தாளம்! தாளக் கணக்கு மட்டும் வைத்திருப்பவர், வால்வுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இங்கே திகைத்து நிற்பார். கியர் நெம்புகோல் விடை சொல்லும். நியூட்ரலில் போட்டால் ஷாஃப்ட் நின்றுவிடும், கேம் தொடரும். சத்தம் நின்றால் கியருக்குப் பின்னால் தேட வேண்டும், தொடர்ந்தால் முன்னால். எண்கள் இரண்டு விடைகளில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஒரு சிறு மாற்றம் இரண்டில் ஒன்றைக் கழித்துவிடுகிறது.

எரிபொருளை நிறுத்திப் பார்த்தல்

டீசல் இன்ஜினுக்குத் தட்டல் பிறவிக் குணம். பெர்கின்ஸ் 4.108 தன் சிலிண்டரில் காற்றை 22-இல் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அதற்குள் பீய்ச்சிய டீசல் உடனே எரிவதில்லை. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலக்கச் சற்று நேரம் வேண்டும். அந்தத் தாமதம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். 900 சுற்றில் அதற்குள் கிராங்க் 5 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். அவ்வளவு நேரமும் இன்ஜெக்டர் டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பிறகு சேர்ந்தது எல்லாம் ஒன்றாகப் பற்றுகிறது. அழுத்தம் துள்ளி ஏறி சிலிண்டர் சுவரை அதிரவைக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் நீளும், சேரும் டீசல் கூடும், தட்டலும் கூடும். காலையில் முதல் சில நிமிடங்கள் டீசல் இரைச்சலாக ஓடுவது இதனால்தான்.

ஓர் இன்ஜெக்டரின் முனை தேய்ந்து, பனியாகத் தூவ வேண்டிய டீசலைச் சொட்டாக விட்டால் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் இந்தத் தட்டல் மிகும். அதை இயந்திரத் தேய்மானத்திலிருந்து பிரிக்க இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது மிக எளியது. நியூட்ரலில் நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, டீசலை நிறுத்தும் குமிழை இழுக்க வேண்டும். எரிதல் அந்தக் கணமே நின்றுவிடும்; ஆனால் ஃப்ளைவீலின் வேகத்தில் இன்ஜின் இன்னும் சில நொடிகள் சுழலும். அந்த நொடிகளில் கூர்ந்து கேளுங்கள். தட்டல் எரிதலோடு சேர்ந்து மறைந்தால் குற்றம் எரிபொருள் பக்கம். சுழற்சி அடங்கும்வரை தொடர்ந்தால் குற்றம் உலோகத்தில். இன்ஜின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை மட்டும் அணைக்கக் கூடாது. ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கருகிவிடும்.

இரண்டாவது, எந்தச் சிலிண்டர் என்று காட்டும். ஐடிலில், ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் போகும் குழாயின் நட்டை ஸ்பேனரால் அரைச்சுற்றுத் தளர்த்த வேண்டும். டீசல் வெளியே கசியும். அந்தச் சிலிண்டர் மட்டும் எரியாது. நட்டைத் துணியால் போர்த்திக்கொண்டு, விரலைத் தள்ளி வைத்தே செய்ய வேண்டும். அந்தக் குழாயில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். மெல்லிய பீய்ச்சல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், அது அறுவைச் சிகிச்சையில் முடியும் காயம். பழைய இயந்திர பம்ப் கொண்ட இன்ஜின்களுக்கு மட்டுமே இந்தச் சோதனை. புதிய காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் பல மடங்கு, தொடவே கூடாது. ஒரு நட்டைத் தளர்த்தியதும் தட்டல் முற்றாக அற்றுப்போனால் அந்த இன்ஜெக்டரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போகலாம். தட்டல் குறைந்தும் மிச்சம் இருந்தால், அதே சிலிண்டரின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எரிதலின் அடி நின்றதால் அதன் சுமை குறைந்திருக்கிறது, தளர்ச்சி போகவில்லை.

அட்டாமிக் 4 போன்ற பெட்ரோல் இன்ஜினில் வேறோர் எச்சரிக்கை முதலில் வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தட்டில் தேங்கும். மூடியைத் திறந்து, ஊதுவிசிறியை ஓடவிட்டு, மூக்கால் உறுதிசெய்த பிறகே எதுவும் செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கித் தீப்பொறி பறக்க விடுவது தெருவில் நிற்கும் காருக்குப் பொருந்தலாம். மூடிய படகுப் பெட்டிக்குள் அது வெடிவிபத்து.

சூடேறும்போது குறைவதும் கூடுவதும்

வெப்பத்துக்கு உலோகமும் ஆயிலும் எதிரெதிராகப் பதில் சொல்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதி நோயைப் பிரித்துவிடலாம்.

பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் இரண்டும் 100 டிகிரி சூடேறினால், இடைவெளி சுமார் 0.09 மில்லிமீட்டர் குறையும். தேய்ந்த இன்ஜினில் குளிரில் பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து சுவரில் அறைகிறது; சூடேறியதும் அறைவு அடங்குகிறது. இப்படிப்பட்ட இன்ஜின் கவனமாக ஓட்டினால் பல பருவங்கள் உழைக்கும்.

புகை வெளியேறும் மூட்டில் கேஸ்கெட் விட்டிருந்தாலும் குளிரில் 'டிக் டிக்' என்று கேட்டு, உலோகம் விரிந்து மூட்டு இறுகியதும் மறையும். இதை வால்வுச் சத்தம் என்று எண்ணி வால்வைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மூட்டைச் சுற்றிப் படிந்த கரி விடை சொல்லும். மறைகிறதே என்று விட்டுவிடக் கூடாது; கசிவது கார்பன் மோனாக்சைடு, வாசனை இல்லாத நஞ்சு, அதுவும் மனிதர்கள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில்.

சூடேறச் சூடேறக் கூடும் தட்டல்தான் அஞ்ச வேண்டியது. அதன் காரணத்தைத் தொட்டது ஒரு பழைய சோதனை. 1880-களில் பிரிட்டனில் போஷம்ப் டவர் ரயில் அச்சு பேரிங்குகளை ஆராய்ந்தபோது, ஆயில் ஊற்ற பேரிங்கின் மேல் ஒரு துளையிட்டார். ஆயில் அந்தத் துளை வழியே மேலே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார். அது தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. சுழலும் அச்சு தானே ஆயிலை ஆப்புபோல ஒடுங்கும் இடைவெளிக்குள் இழுத்து, தன்னைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அதன் பொருள். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார்.

இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டும் அதே ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடக் கூடாது. பேரிங் தேய்ந்து இடைவெளி விரிந்தால் படலம் தாங்காது. ஆயில் சூடேறி நீர்த்துவிட்டால் இன்னும் தாங்காது. ஆகவே ஆழமான தட்டல் குளிரில் அடங்கி, சூட்டில் எழுந்து, கியர் போட்டு வேகம் கூட்டும்போது வலுத்தால், அதோடு ஆயில் அழுத்தமும் இறங்கினால், அது பேரிங். அந்த முடிவுக்கு வரும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக உயர்ந்திருக்கிறதா? டீசல் பம்ப்பின் ஜவ்வு கிழிந்தால் டீசல் ஆயிலுக்குள் வடியும்; ஆயில் தண்ணீராக நீர்க்கும். அந்த நிலையில் பம்ப்பையும் ஆயிலையும் மாற்றியே பேரிங்கைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, தட்டல் தொடங்கிய அன்றே இன்ஜினை நிறுத்தியிருந்தால்.

பயமுறுத்தும் கடகடப்பு

பழைய படகை வாங்கியவரை அதிகம் கலங்கவைக்கும் சத்தம் ஒன்று உண்டு. ஐடிலில், நியூட்ரலில், கியர்பாக்ஸ் பக்கமிருந்து இரும்புத் துண்டுகள் உருளும் கடகடப்பு. வேகத்தைச் சற்றுக் கூட்டியதும் முற்றாக மறைந்துவிடும்.

கிராங்க் ஷாஃப்ட் சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வோர் எரிதலிலும் துள்ளி, அடுத்த அழுத்தலில் தளர்கிறது. சிலிண்டர் குறைந்தால் துள்ளலுக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாடு கூடும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே சுருள்வில்கள் பதித்த டேம்பர் தகடு ஒன்று இந்தத் துடிப்பை வாங்கிக்கொள்கிறது. வில்கள் தளர்ந்தாலோ உடைந்தாலோ, துடிப்பு நேராகக் கியர்ப் பற்களுக்குப் போய், பற்கள் விலகி விலகி அறைந்துகொள்கின்றன.

வேகம் கூடினால் மறைவதற்கு ஃப்ளைவீல் காரணம். சுழலும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. அவ்வளவு ஆற்றல் சேர்ந்தபின் ஒரு சிலிண்டரின் எரிதலால் சுழற்சியை அதிகம் ஆட்ட முடியாது. கியர் போட்டாலும் புரொப்பல்லரின் சுமை பற்களை ஒரே பக்கமாக அழுத்தி வைப்பதால் சத்தம் அடங்கும். ஐடிலில் உண்டு, வேகத்தில் இல்லை, கியரில் இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம், டேம்பர் தகட்டை மாற்றினால் போதும். ஆனால் தள்ளிப்போட வேண்டாம். தகடு முழுவதும் உடைந்தால் இன்ஜின் ஓடும், படகு நகராது.

ஒரே வேகத்தில் மட்டும்

1,500 சுற்றில் அமைதி, 1,700-இல் படகே அதிர்கிறது, 1,900-இல் மீண்டும் அமைதி. இப்படி ஒரு குறுகிய பட்டையில் மட்டும் எழும் சத்தம் ஒத்ததிர்வின் அடையாளம். எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. இன்ஜினின் தாளம் அதோடு பொருந்தும்போது சிறு உந்தலும் பெருகிவிடும். குழாய்க் கவ்வி, தரைப்பலகை, இன்ஜினின் ரப்பர் மவுண்ட் எதுவும் காரணமாகலாம்.

வயதான படகில் இது புதிதாக முளைப்பதற்கு ரப்பரே காரணம். காலத்தால் ரப்பர் கெட்டிப்படுகிறது. ஆயிலும் டீசலும் பட்டால் மென்மையாகிறது. இயல்பு அதிர்வெண் விறைப்பின் இருமடி மூலத்துக்கு ஏற்ப மாறும். மவுண்ட் 44 சதவீதம் விறைத்தால் அதிர்வெண் 20 சதவீதம் உயரும். ஐடிலுக்குக் கீழே, யாரும் ஓட்டாத வேகத்தில் கிடந்த அதிர்வுப் பட்டை, மேலேறி ஐடிலிலேயே வந்து உட்கார்ந்துவிடும். இன்ஜினுக்குள் எதுவும் கெடவில்லை. அதைத் தாங்குவது மூப்படைந்திருக்கிறது.

மின்சுமையோடு மாறும் சத்தமும் உண்டு. கிளப்பியவுடன் கிறீச்சிட்டுச் சில நிமிடங்களில் அடங்கினால் அது பெல்ட். வற்றிய பேட்டரிக்கு ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் கொடுத்தால் 700 வாட். இழப்பையும் சேர்த்தால் பெல்ட் ஒன்றரைக் குதிரைத்திறன் அளவுக்குச் சுமக்கிறது. பேட்டரி நிறைய நிறையச் சுமை குறைந்து கிறீச்சலும் நிற்கிறது. குளிர்பெட்டியையும் விளக்குகளையும் போட்டதும் சத்தம் திரும்பினால் ஐயமே இல்லை.

ஷாஃப்ட்டும் புரொப்பல்லரும்

கியரில் போட்டால் மட்டும் எழும் அதிர்வை முதலில் இணைப்பில் தேட வேண்டும். இன்ஜினும் ஷாஃப்ட்டும் சேரும் கப்ளிங்கின் இரு முகங்களும், 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்குள் இணையாக இருக்க வேண்டும் என்பது பரவலான விதி; ஃபீலர் கேஜால் நான்கு பக்கமும் அளப்பார்கள். கரையில் ஏற்றி வைத்த படகில் இந்த அளவு பொய் சொல்லும். கரையில் படகின் எடையைச் சில தாங்குகட்டைகள் சுமக்கின்றன. நீரில் மொத்த உடலும் சுமக்கிறது. பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகளும் உடலை வளைக்கின்றன. ஆகவே மரம் நிறுத்தி, கம்பி இறுக்கி, படகு நீரில் சில நாள் இருந்த பிறகே அளக்க வேண்டும்.

பின்பக்கம் ஷாஃப்ட்டைத் தாங்குவது ரப்பர் பதித்த பேரிங். அதற்கு ஆயில் கடல்நீர்தான். தேய்ந்தால் கடகடவென்று அடிக்கும். நீர் போகாமல் உலர்ந்தால், ரப்பர் ஒட்டுவதும் வழுக்குவதுமாக மாறி மாறிக் கிறீச்சிடும். புரொப்பல்லரில் கொட்டலசு ஒட்டினாலோ கயிறு சுற்றினாலோ எடையும் ஓட்டமும் சமநிலை இழக்கும். நன்றாக ஓடிய படகு ஒரு மாதம் நங்கூரத்தில் நின்றபின் அதிர்ந்தால் முதலில் நீருக்குள் இறங்கிப் பார்ப்பதே மலிவான சோதனை. வேகத்தில் சரளைக்கல் உரசும் ஒலி வந்தால் அது குழிவாதல்: இறக்கையின் பின்னால் அழுத்தம் இறங்கி நீர் ஆவிக் குமிழாகி, உடனே நொறுங்குகிறது. அந்த நொறுங்கல் எவ்வளவு அழுத்தத்தை எழுப்பும் என்று 1917-இல் லார்ட் ரேலி கணக்கிட்டார். வெண்கலத்தையே அரிக்கும் அளவு அது.

மாறக் கூடாத சத்தம்

பெரும்பாலான பாய்மரப் படகுகளில் இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீரைப் புகையோடு கலந்து பின்புறம் வெளியேற்றுகிறார்கள். நீர் புகையைக் குளிர்வித்து ஒலியையும் அடக்குகிறது. அதனால் நலமான படகு புகைக்குழாயில் விட்டு விட்டு நீரைத் துப்பும். அந்தத் துப்பல் நின்று, ஒலி வெறுமையாகவும் உரத்தும் மாறினால், நீர் வரவில்லை. பம்ப்பின் ரப்பர் இறக்கை உடைந்திருக்கும், அல்லது உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். வெப்பமானிக்கு இது தெரியச் சில நிமிடம் பிடிக்கும், ஏனென்றால் இன்ஜினின் இரும்பும் உள்ளிருக்கும் நீரும் சூடேற நேரம் வேண்டும். புகைக்குழாயின் ரப்பர் அதற்கு முன்பே உருகத் தொடங்கிவிடும். இந்த ஓரிடத்தில் காது கருவியை முந்துகிறது.

இன்ஜினின் வேகம் தானாக ஏறி இறங்கி அலைந்தால் எரிபொருளில் காற்றோ அழுக்கோ இருக்கிறது. டீசலுக்கும் அடியில் தேங்கிய நீருக்கும் இடையே ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை வளர்ந்து வழவழப்பான படலமாகிறது. அமைதியான கடலில் அது தொட்டியின் அடியில் கிடக்கும்; அலையில் படகு குலுங்கியதும் கிளம்பி ஃபில்ட்டரை அடைக்கும். இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே.

நிறுத்தும் முடிவு

எல்லாச் சத்தத்துக்கும் இன்ஜினை நிறுத்த வேண்டியதில்லை. மூன்றுக்கு நிறுத்தியே ஆக வேண்டும். சுமையோடு வலுக்கும் ஆழமான தட்டல், ஆயில் அழுத்தம் இறங்கும்போது. நீரற்ற வெறும் புகைக்குழாய் ஒலி. கருகும் வாசனையோடு வரும் கிறீச்சல். பாய்மரப் படகுக்கு இங்கே ஒரு பலம் உண்டு: பாயும் நங்கூரமும். துறைமுகத்தை நெருங்கும்போது நங்கூரம் தயாராகவும், பாய் உடனே விரியும்படியும் இருந்தால், இன்ஜினை நிறுத்தத் தயங்க வேண்டியதில்லை. அந்தத் தயக்கம்தான் சரிசெய்யக் கூடிய இன்ஜினைச் சரிசெய்ய முடியாததாக்குகிறது.

தானாக மறைந்த சத்தத்தையும் தானாகக் குணமானதாக எண்ணக் கூடாது. வேகம், சுமை, வெப்பம், கியர், எரிபொருள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எது என்று கண்டுபிடித்து, அதைத் திரும்பக் கொண்டுவந்து, சத்தமும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். வேண்டும்போது வரவழைக்க முடிகிற சத்தத்துக்கு ஏறக்குறைய விடை கிடைத்துவிட்டது என்றே பொருள்.

இந்த முறை முழுவதும் ஒப்பீட்டில் நிற்கிறது. ஒப்பிட நல்ல நாளின் ஒலி கையில் இருக்க வேண்டும். இன்ஜின் நலமாக ஓடும்போதே கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து ஐந்து பதிவுகள் எடுத்துவையுங்கள்: குளிரில் கிளப்பும்போது, சூடேறிய ஐடில், கியர் போட்ட ஐடில், பயண வேகம், நிறுத்தும்போது. பக்கத்தில் சுழற்சி, வெப்பம், ஆயில் அழுத்தம், தேதி எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப எடுங்கள். பத்து நிமிட வேலை. அடுத்த புதுச் சத்தம் கேட்கும் நாளில், அது உண்மையிலேயே புதியதா, எதோடு சேர்ந்து மாறுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஊகத்தை நம்பாமல் பதில் சொல்ல முடியும். அந்தப் பதிலோடு வரும் படகோட்டியிடம், எந்த நட்டை முதலில் கழற்றுவது என்று மெக்கானிக் தேட வேண்டியிருக்காது.